தாளில் இல்லாத ஞாயிறு

அம்மாக்கண்ணு இருந்த பஸ் அக்கரப்பத்தனையை நோக்கி மேடேறிக்கொண்டிருந்தது. எதிரே இன்னொரு பஸ் இறங்கி வந்தது. பாதை ஒடுக்கம். இரண்டு பஸ்களும் உரசிவிடாமல் மெதுவாக ஒன்றையொன்று கடந்தன.

எதிர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அவளுடைய தம்பி அழகன் உட்கார்ந்திருந்தான். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். அவள் கையைத் தூக்குவதற்குள் அந்த பஸ் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

"யாரு பாப்பா அது?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார்.

"என் தம்பிங்க."

"எங்க போறான்?"

"எங்க வீட்டுக்குங்க."

"அப்ப நீ எங்க போற?"

"அவன் வீட்டுக்குங்க."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அம்மாக்கண்ணுவின் அப்பா வீரய்யாவும் அம்மா வேலாயியும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்பா அக்கரப்பத்தனையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்திலேயே இருந்தார். அம்மா லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போய்விட்டார். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று சண்டை வந்தது. அது கோர்ட்டு வரைக்கும் போனது.

கோர்ட்டில் ஒரு கட்டளை எழுதிக் கொடுத்தார்கள். பதினொரு வயது மகள் தாயிடம் இருக்க வேண்டும். ஏழு வயது மகன் தகப்பனிடம் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, மகளைத் தகப்பனிடமும் மகனைத் தாயிடமும் அனுப்ப வேண்டும். அன்று மாலையே இருவரையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அதனால்தான் அக்காவும் தம்பியும் மாதத்துக்கு ஒரு தடவை நடுவழியில் கடந்து போனார்கள். சில மாதம் ஜன்னலில் முகம் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது.

அன்று லயத்தில் அப்பாவின் வீடான காம்பராவில் தம்பியின் சட்டை கொடியில் தொங்கியது. அவனுடைய சிலேட்டு சுவரில் சாய்ந்திருந்தது. அவன் சாப்பிடும் தட்டிலேயே அப்பா அவளுக்கு ரொட்டி வைத்தார்.

"தம்பி எப்படிப்பா இருக்கான்?"

"இருக்கான். பொழுது சாஞ்சா ஒன்னயத்தான் கேப்பான்."

"என்ன கேப்பான்?"

அப்பா குனிந்து அடுப்பை ஊதினார்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறு பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பிறகு, மத்தியானம் பாதையில் மண் சரிந்து விழுந்தது. மாலை பஸ் ஓடவில்லை. அம்மாக்கண்ணு அப்பாவிடமும் அழகன் அம்மாவிடமும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் திரும்பவில்லை.

"அவ மொதல்ல எம் மகன அனுப்பட்டும். அதுக்கப்பறம் ஒன்ன ஏத்தி விடுறேன்" என்றார் அப்பா.

அம்மாவிடமிருந்தும் ஆள் மூலமாகச் சேதி வந்தது. "மொதல்ல எம் மகள அனுப்பச் சொல்லுங்க."

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. அம்மாக்கண்ணுவின் பள்ளிக்கூடம் லிந்துலையில் இருந்தது. புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. அவளிடம் இருந்தது போட்டுக்கொண்டு வந்த ஒரே கவுன். அப்பா அதை இருட்டியதும் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போடுவார். காலையில் அது புகை நாற்றம் அடிக்கும்.

"அப்பா, அந்தத் தாளில யாரு மொதல்ல அனுப்பணும்னு எழுதியிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நீயே படிச்சுப் பாரு."

கட்டளையைத் தமிழில் எழுதிய பிரதி ஒன்றை அப்பா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். யார் முதலில் என்று எங்கேயும் இல்லை. அவளுடைய பெயர் இருந்தது. தம்பியின் பெயரும் இருந்தது. ஒரு பெயர் அம்மா வீட்டில் இருக்கும்போது மற்றப் பெயர் அப்பா வீட்டில் இருந்தது. தலைகீழாக மாறும்போதும் அப்படியேதான்.

அவள் திரும்பவும் ஒரு தடவை படித்தாள். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அம்மா மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். இருவரையும் பிள்ளைகளோடு வரச் சொன்னார்கள்.

கோர்ட்டு விறாந்தையில் இரண்டு வாங்குகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அப்பா அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மற்றதில் அம்மா அழகனை இழுத்து அணைத்துக்கொண்டார். நடுவில் நனைந்த தரை. அழகன் வாயை இறுக மூடிக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பேசலாமா, கூடாதா என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்காகப் பேசிய வக்கீல், புரொக்டர் முத்துலிங்கம் உள்ளே இருந்து வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் கட்டளையின் வசனங்களை எழுதியவரும் அவர்தான்.

"நீதவான் கோவமாய் இருக்கிறார். இனிச் சண்டை வராத மாதிரி ஒழுங்காய் எழுதிக்கொண்டு வரட்டாம். முதல்ல ஆர் அனுப்பிறது? சொல்லுங்கோ."

"அவதாங்க" என்றார் அப்பா.

"அவருதாங்க" என்றார் அம்மா.

புரொக்டர் பேனையைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

"சொல்லட்டும் விடுங்கோ. கடதாசி இவையைப் பற்றினதுதானே. நீ சொல்லு பிள்ளை."

"அந்தத் தாளில தம்பியும் நானும் ஒண்ணா இருக்கிற நாளே இல்லிங்க. நான் போறப்ப அவன் வர்றான். நடு ரோட்டுலதான் பாத்துக்கிறோம். அங்கயும் பஸ்ஸு நிக்காதுங்க."

புரொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேருக்கும் சரிசமனாய் இருக்கவேணும் எண்டுதான் அப்பிடி எழுதினனான்" என்றார் மெதுவாக. "எப்பவும் ஆளுக்கொரு பிள்ளை பக்கத்தில இருக்கும். அதை மட்டும்தான் யோசிச்சன். சரி, இப்ப எப்பிடி எழுதுவம்?"

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. மொத ஞாயிறு தம்பி எங்ககிட்ட வரட்டும். மூணாவது ஞாயிறு நான் அங்க போறேன். ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் பஸ் ஏறுவோம். அப்ப மாத்திக்கிறதுக்கு ஒண்ணும் இல்லிங்களே. யாரு மொதல்லன்னு கேக்கவும் முடியாதுங்க."

புரொக்டர் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா" என்றார் அப்பா. "அப்ப மொத ஞாயித்துக்கெழம எங்கிட்ட ஒரு புள்ளயும் இருக்காது."

"மூணாவது ஞாயிறு எங்கிட்டயும் இருக்காது" என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

வெகு நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அது சந்தோஷமான விஷயமாக இல்லை.

அம்மாக்கண்ணு இதை யோசித்திருக்கவில்லை. காம்பராவில் அப்பா ஒற்றையாக ரொட்டி சுடுவது அவள் கண்ணுக்குள் வந்தது. அம்மா ஒற்றையாக உட்கார்ந்திருப்பதும் வந்தது. அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது ஞாயிறு நான் வந்துருவேன்ப்பா. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒங்ககூடதான் இருப்போம்."

அதற்குள் அழகன் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி நனைந்த தரையைத் தாண்டி வந்துவிட்டான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்காவின் கவுன் ஓரத்தைச் சுருட்டிக் கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்பா அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்கய்யா" என்றார் அப்பா.

அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னும் ஒண்ணுங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு. "மண்ணு சரிஞ்சு பஸ்ஸு ஓடாட்டி யாரு மேலயும் குத்தமில்லன்னு போடுங்க. பாதை தொறந்ததும் மொத பஸ்ஸுல அனுப்பிரணும்னு போடுங்க."

"பஸ் ஓடினதோ இல்லையோ எண்டு ஒரு சண்டை வந்தால்?"

"பஸ்ஸு வராட்டி ரோட்டுல நிக்கிற எல்லாருமே திட்டிக்கிட்டு நிப்பாங்க. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

புரொக்டர் சிரித்துவிட்டார். அந்த விறாந்தையில் அன்று சிரித்தவர் அவர் ஒருவர்தான். அந்த வரியையும் எழுதினார்.

அப்பா பெருவிரல் ரேகை வைத்தார். அம்மாவும் வைத்தார். நீதவான் கையெழுத்துப் போட்ட பிறகு, அழகன் அப்பாவோடும் அம்மாக்கண்ணு அம்மாவோடும் வேறு வேறு பஸ்களில் ஏறிப் போனார்கள். மழை விடவேயில்லை.

முதல் ஞாயிறு வந்தது. அப்பா அழகனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டுத் தனியாக லயத்துக்குத் திரும்பினார்.

லிந்துலையில் அம்மாக்கண்ணு தம்பியை இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். காம்பராவுக்கு வந்து அடுப்போரம் உட்கார்ந்த பிறகும் அழகன் வாயை மூடிக்கொண்டே இருந்தான்.

"ஏன்டா பேச மாட்டேங்கிற?"

"நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். மேலே முன்பல் இரண்டும் இல்லை.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. தம்பிக்குப் பல் விழுந்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபடி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படா விழுந்துச்சு?"

"ஒண்ணு ரொட்டி திங்கிறப்ப. இன்னொண்ணு..." அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "அது பெரிய கத."

"சொல்லு" என்றாள் அம்மாக்கண்ணு. "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

அழகன் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.