தெற்குச் சுவர்

அருளம்பலமும் மனைவி பாலாம்பிகையும் பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, தாட்சாயினியின் மூக்கில் முதலில் ஏறியது அந்த மணம்தான். நனைந்த கரியின் மணம். காட்டுத்தீயில் அவர்களுடைய வீடு போய் ஒன்றரை வருடமாகிறது, இன்னுமா உடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யோசித்தவள், அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் அதை மறந்துபோனாள்.

அது 2006 மார்கழி. கனடாவில், மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தாட்சாயினியும் கணவன் அருமைராசாவும் குடியிருந்தார்கள். அவள் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவள். பிறர் பெயரில் எழும்பும் கட்டடங்களுக்குக் கழிப்பறையும் மாடிப்படியும் கீறிக் கீறியே அவளுக்கு முதல் நரை விழுந்துவிட்டது. தன் கையால் கீறிய ஒரு முழு வீடு, ஒன்றே ஒன்றாவது எழும்ப வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஆசை. அந்த ஒன்று இப்போது எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

அருளம்பலம் துறைமுகத்தில் லொறி ஓடி முன்னுக்கு வந்தவர். மொன்றியலுக்கு வடக்கே, ஏரிக்கரைக் காட்டோரமாக அவர் வாங்கியிருந்த வீட்டைத்தான் தீ தின்றது. புருசனும் பெண்சாதியும் அன்று நகரத்தில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவள் அவருடைய தங்கை யோகராணி. அவள் வெளியே வரவில்லை.

“கூரை தகரம். சுவர் சீமெந்துப் பலகை. மரம் எண்டு ஒரு ஈர்க்கும் வேண்டாம், பிள்ளை,” என்றார் அருளம்பலம்.

சூடு கண்ட பூனை வேறெப்படிப் பேசும்? தாட்சாயினி எல்லாவற்றுக்கும் தயாராகவே இருந்தாள். காற்றுத் துவாரங்களில் தீப்பொறி நுழையாத நுண்வலை, வீட்டைச் சுற்றி மரமில்லாமல் சரளைக்கல் வளையம், வெப்பம் தாங்கும் கண்ணாடி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் விரலை வரைபடத்தின் ஒரு பக்கத்தில் ஊன்றினார்.

“தெற்கில மட்டும் ஒண்டும் வேண்டாம். கதவும் வேண்டாம், யன்னலும் வேண்டாம். வெறும் சுவர்.”

“அண்ணை, ஏரி தெற்கிலதானே கிடக்கு. பனிக்கால வெயிலும் அந்தப் பக்கத்தாலதான் வரும். இந்த நாட்டில தெற்கை அடைச்சுப்போட்டு ஆரும்...”

“அது எமன்ட திசை. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

படித்த படிப்பு அவளை ஒரு பக்கம் இழுத்தது, வீட்டு ஆசை மறுபக்கம் இழுத்தது. ஆசைதான் வென்றது.

“சரி அண்ணை. கீறித் தாறன்.”

பாலாம்பிகை தேத்தண்ணியைத் தொடவில்லை. அவள் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்கட பின்கதவும் அடைச்சுத்தான் கிடக்கு என்ன, பிள்ளை?”

“குளிருக்கு, அக்கா. சித்திரையில திறப்பம்.”

கார்த்திகை பிறந்தால் அருமைராசா பின்கதவின் நிலையைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் மெசினால் சூடு காட்டி, மேளத்தோல் போல விறைப்பாக்கிவிடுவான். அதற்கு முன்னால் கூட்டாளியோடு சேர்ந்து, இறைச்சி நிரம்பிய ஃபிரீசரையும் தள்ளிவிடுவான். ஊருக்கெல்லாம் வாசல் கீறுகிறவளின் வீட்டில் அவசரப் படிக்கட்டுக்குப் போகும் வாசல் ஆட்டிறைச்சிக்குப் பின்னால் கிடந்தது. அவளும் ஒருமுறை ஏசிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

அடுத்த கிழமை அவள் வெள்ளை மட்டையை வெட்டி மாதிரி வீடு செய்தாள். ஒரு சப்பாத்துப் பெட்டியளவு, கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். தெற்குச் சுவரை ஒட்டியபோது வீடு குருடானது போல அவளுக்கு இருந்தது. ஒட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் அந்தச் சுவரின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. ஆளுயரத்துக்கு ஒரு கதவு இருந்தால் அந்தச் சிறிய வீட்டில் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

“சாம்பிராணிக் கையோட தொட்டிருப்பீர்,” என்றான் அருமைராசா. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

அவள் அந்தச் சுவரைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிது ஒட்டினாள். அருமைராசா துறைமுகத்துப் பண்டகசாலையில் பின்னேர வேலைக்குப் போனான். நாலரைக்கே வெளியே இருட்டிவிட்டது. பனி பெய்கிறபோது தெருவில் ஒரு சத்தமும் இருக்காது, காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். அந்த அமைதியில் அவள் மேசையில் குனிந்து சன்னல்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

சரக்.

எலி என்று நினைத்தாள்.

சரக்... சரக்...

எலி அல்ல. சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போகிற ஓசை. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்கள் தடவுவது போல. அது மாதிரி வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

நனைந்த கரி மணத்தது.

அவள் மேசை விளக்கை இழுத்து, கூரையைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள். தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. கறை உட்பக்கத்தில் இருந்தது. மயிரிழை மெல்லிசாக ஐந்து கோடுகள், மேலிருந்து கீழே வழுக்கி இறங்கியிருந்தன.

மறுநாள் அவள் பாலாம்பிகையைத் தனியே அழைத்தாள். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தாட்சாயினி நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே பாலாம்பிகை அழத் தொடங்கிவிட்டாள்.

“பழைய வீட்டில தெற்கால ஒரு கதவு இருந்தது, பிள்ளை. யோகத்தின்ட கதவு எண்டுதான் நாங்கள் சொல்லுறது. விடிஞ்சா அதாலதான் ஏரிக்குப் போவாள். பிறகு அவள் ஒரு வருசம் டொரொன்டோவில போய் நிண்டாள். அந்த நேரம் இவருக்குத் தொட்டதெல்லாம் நட்டம். ஆரோ ஒரு சாத்திரியார் டெலிபோனிலயே வீட்டைப் பாத்து, தெற்கு வாசல்தான் குடும்பத்தைத் தின்னுது எண்டிட்டார். இவர் உள்ளுக்குப் பலகை அடிச்சு, மட்டம் பிடிச்சு, வெள்ளையும் பூசிவிட்டார். வெளியில பாத்தால் கதவு கதவாத்தான் நிக்கும். உள்ளுக்குச் சுவர்.”

“யோகராணி அக்காவுக்குத் தெரியாதே?”

“தெரியும். வந்த அண்டைக்கே பாத்துச் சிரிச்சவள். ஆனா புகைக்குள்ள கண் எங்க? கை பழக்கத்திலதானே போகும்.” பாலாம்பிகை முந்தானையால் வாயைப் பொத்தினாள். “தீயணைப்புக்காரர் அவளை அந்தச் சுவரடியிலதான் எடுத்தவை.”

அன்று பின்னேரமே அருளம்பலத்தை வரச் சொன்னாள் தாட்சாயினி. வீடு கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

“தெற்கில கதவு இல்லாட்டி நான் கீறமாட்டன், அண்ணை.”

“பாலா வாயைத் திறந்திட்டாளோ?” அவர் முகம் கறுத்தது. “உமக்கு என்னத்துக்கு எங்கட வீட்டுக் கதை? நீர் கீறாட்டி மொன்றியலில வேற ஆளில்லையோ?”

மேலே பேசப்போனவர் நின்றுவிட்டார்.

சரக்... சரக்...

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். மட்டை வீட்டின் தெற்குச் சுவர் மெல்ல வெளிப்பக்கம் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

“யோகம்...” என்றார் அருளம்பலம். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. சப்பாத்தின் கயிற்றைக்கூடக் கட்டாமல் மாடிப்படியில் இறங்கினார். பாதிப்படியில் நின்று, திரும்பிப் பாராமல் சொன்னார்:

“வையும். அவளுக்கு ஒரு கதவு வையும்.”

வைத்தாள். கண்ணாடிக் கதவு, ஏரியைப் பார்த்தபடி. அன்றிலிருந்து மட்டை வீடு சத்தம் போடவில்லை. கோடையில் அத்திவாரம் வெட்டி, இலையுதிர் காலத்துக்குள் வீடு எழும்பிவிட்டது. அருளம்பலம் அனுப்பிய படத்தில் கரிந்த மரங்களுக்கு நடுவே தெற்குக் கதவு வெயிலில் மின்னியது. தாட்சாயினி அந்தப் படத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினாள். உள்ளே எடுத்த படம் ஒன்றும் வரவில்லையே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடக் கார்த்திகையிலேயே வீடு குடிபூரல். பால் காய்ச்ச அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல்நாள் பின்னேரம், அருமைராசா வேலைக்குப் போனபின், டெலிபோன் அடித்தது.

“பிள்ளை...” பாலாம்பிகை கிசுகிசுத்தாள். “இவர் திரும்பவும் அடைச்சுப்போட்டார்.”

“என்னத்தை அக்கா?”

“கதவை. உள்பக்கத்தால ஜிப்ரொக் பலகை அடிச்சு வெள்ளை பூசியிருக்கிறார். செத்தவள் வெளியிலதானே நிக்கிறாள், வெளியில கதவு இருந்தா அவளுக்குக் காணும், வீட்டுக்கும் தோசமில்லை எண்டவர். நான் இண்டைக்குத்தான் வந்து பாக்கிறன்.”

தாட்சாயினிக்கு மட்டை வீடு நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து கோடுகள் உட்பக்கத்தில் அல்லவா இருந்தன.

“அக்கா, அவா வெளியில இல்லை. உள்ளுக்கு நிக்கிறா. நீங்கள் ரெண்டுபேரும் உடன வெளிக்கிடுங்கோ!”

“இவர் வாறாரில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிண்டு சுவரைத் தடவிறார், பிள்ளை. கூப்பிட்டாலும் கேக்கேல்லை. கதவெங்க, கதவெங்க எண்டுறார். அது... அது அவற்ற குரல் இல்லை.”

டெலிபோனில் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

“சுவர் சுடுது, பிள்ளை.”

“உடையுங்கோ! கையில கிடைக்கிறதால கொத்துங்கோ. அது வெறும் சுண்ணாம்புப் பலகை, உடைஞ்சிடும்!”

தேங்காய் உடைக்கக் கொண்டுபோன கத்தியாக இருக்க வேண்டும். கொத்துகிற சத்தம் கேட்டது, பாலாம்பிகை ஓவென்று அழுதுகொண்டே கொத்துவது கேட்டது. பலகை பிளந்தது. கதவு திறந்தது. நெடுநேரம் மூச்சை அடக்கியிருந்த ஒருவர் மூச்சு விடுவது போல ஒரு காற்று டெலிபோனுக்குள்ளேயே வீசியது.

பிறகு அருளம்பலம் குழந்தைபோல விம்முகிற சத்தம்.

“போயிட்டாள்,” என்றாள் பாலாம்பிகை. “பிள்ளை, அவள் வெளிய போயிட்டாள்.”

இணைப்பு அறுந்தது.

தாட்சாயினி டெலிபோனை மார்போடு அணைத்தபடி நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணீர் தானாக வழிந்தது. அப்பாடா என்றிருந்தது. எழுந்து முகம் கழுவப் போனாள்.

சரக்.

சமையலறையிலிருந்து வந்தது.

ஃபிரீசருக்கு மேலே, பின்கதவை மூடிய பிளாஸ்டிக் தாள் அசைந்தது. காற்றடிக்கும்போது அது உள்பக்கம் புடைப்பது வழக்கம். இப்போது அது கதவை நோக்கிக் குழிந்தது. இந்தப் பக்கம் நின்று யாரோ தள்ளுவது போல. தாளில் ஐந்து விரல்கள் பதிந்தன.

“யோகராணி அக்கா,” என்றாள். “இஞ்ச ஏன் வந்தனீங்கள்?”

அப்போதுதான் மணம் அவளுக்கு உறைத்தது. இது நனைந்த கரியின் மணம் அல்ல. புதுப் புகை. முன்கதவின் அடியால் சாம்பல் நிறத்தில் சுருண்டு சுருண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழ்மாடியில் யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். ஓடிப்போய்க் கைப்பிடியைத் தொட்டாள். சுட்டது. முன்படிக்கட்டால் இனி இறங்க முடியாது.

விளக்கு அணைந்தது.

இருட்டிலும் புகையிலும் சுவரைத் தடவித் தடவி அவள் சமையலறைக்கு வந்தாள். ஃபிரீசர் கையில் பட்டது. வருடத்துக்கு இருமுறை அருமைராசாவும் கூட்டாளியும் சேர்ந்து மூச்சு வாங்க நகர்த்துகிற பாரம் அது. தனியாளாக அசைக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருமிக்கொண்டே விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

அது இலேசாக நகர்ந்தது.

அவளுடைய கைக்குப் பக்கத்தில், அதே விளிம்பைப் பிடித்தபடி, சுடச்சுட இன்னொரு கை இருந்தது.