சூரியனுக்குக் காவல் இருந்தவன்

அபிராமபுரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு புங்க மரம். மரத்தடியில் வேலுவின் இஸ்திரி வண்டி. எதிர் வீட்டு முதல் மாடியில் கரோல்.

கரோல் ஆறாம் வகுப்பு. வேலுவின் மகன் விக்கி ஒன்றாம் வகுப்பு. உலகத்தில் தனக்குத் தெரியாததெல்லாம் கரோலிடம் பத்திரமாக இருக்கிறது என்பது விக்கியின் எண்ணம். "அக்கா, மீனு தூங்குமா?" என்பான். "அக்கா, அறுந்த பல்லி வாலு எங்க போவுது?" என்பான். கரோல் ஏதாவது சொல்வாள். அவள் சொல்லிவிட்டால் அது அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் சொன்ன ஒன்றை மட்டும் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

அன்று அவள் பள்ளி நூலகப் புத்தகத்துடன் வண்டியருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டுக் காஷிஃப் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவள் வகுப்புத் தோழன்தான்.

"ஆரம்பத்துல பூமியும் இல்ல, சூரியனும் இல்ல, விக்கி. பெரிய தூசி மேகம் ஒண்ணுதான் இருந்துச்சு. அது சுத்திச் சுத்திச் சுருங்கி, நடுவுல சேர்ந்தது சூரியன் ஆச்சு. மிச்சம் மீதியில வந்ததுதான் நம்ம பூமி."

"மிச்சத்துலயா?" விக்கிக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

"ஆமா. அப்போ பூமி முழுக்க நெருப்புக் குழம்பு. இரும்பு கனம் இல்லையா? அது உருகி நடுவுல இறங்கிடுச்சு. லேசான பாறையெல்லாம் மேல மிதந்து ஆறிடுச்சு. அதுமேலதான் நாம நிக்கிறோம். உள்ள இன்னும் சூடுதான்."

விக்கி தன் காலைப் பார்த்தான். கரோலைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டூப்பு! நெருப்பு மேல நின்னா கால் சுட்டுக்காது?"

காஷிஃப் கைதட்டினான். "சூப்பர் கேள்வி மச்சி! மேடம், பதில் சொல்லுங்க மேடம்!"

கரோலுக்குக் காது சூடானது. சிரிப்புக்குக் கிடைத்த வரவேற்பில் விக்கி இன்னும் துள்ளினான். "எங்க நைனா இஸ்திரிப் பொட்டிதான் சூரியன விட சூடு!"

"அப்படியா? உங்க நைனா பெட்டியில கரி தீர்ந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் கரோல்.

"அணைஞ்சு பூடும்."

"சூரியனும் அப்படித்தான். ஒரு நாள் உள்ள இருக்கறதெல்லாம் தீர்ந்துடும். அப்புறம் பகலே கிடையாது. ஒரே இருட்டு."

சிரிப்பு நின்றது. "நெசமாவா?"

"புத்தகத்துலயே போட்டிருக்கு."

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அடுத்த வரியிலேயே, அதற்கு இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகள் இருக்கின்றன என்றும் போட்டிருந்தது. அந்த வரி கரோலின் நாக்கு நுனிவரை வந்தது. விக்கியின் முகம் சின்னதாகிப் போனதைப் பார்க்க ஒரே ஒரு நொடி இனிப்பாக இருந்தது. அவள் அந்த வரியை விழுங்கிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

புதன்கிழமை மாலை. தேய்த்த துணிகளைக் கொடுக்க மாடிக்கு வந்தாள் விக்கியின் அம்மா பாஞ்சாலி.

"டீச்சரம்மா, பாப்பாவ கீழ அனுப்பாதீங்க. விக்கிக்கு மெட்ராஸ் ஐ வந்துகீது, ஒட்டிக்கும்" என்றாள்.

கரோலின் அம்மா டோரதி பள்ளி ஆசிரியை. "ஐயோ, கண்ணு செவந்திருக்கா?"

"தண்ணியா ஊத்துதும்மா. இன்னொண்ணு சொல்றான். எதப் பாத்தாலும் நடுவுல கருப்பா ஒரு பொட்டு நிக்குதாம். சொட்டு மருந்து வுட்டுக்கினு கீறோம். அவங்கப்பா கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுத்துச்சு."

கூலிங் கிளாஸ் போட்ட விக்கியைப் பார்க்கலாமே என்று கரோல் பால்கனிக்கு ஓடினாள்.

மர நிழல் முடியும் இடத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் விக்கி உட்கார்ந்திருந்தான். முகத்தில் பாதியைக் கருப்புக் கண்ணாடி மூடியிருந்தது. கைகளை இடுப்பில் ஊன்றி, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்திருந்தான். கரோலுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தாள்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே ஓடினாள். "விக்கி! என்னடா பண்ற?"

"காவல் இருக்கேன்" என்றான் விக்கி தலையைத் திருப்பாமல். "சூரியன்ல கரி கீதான்னு பாக்குறேன். சனிக்கெழமலேர்ந்து பாத்துக்கினு கீறேன். முன்னாடி கண்ணு கூசும்க்கா. இத மாட்னா எம்மா நேரம் வேணா பாக்கலாம்!"

கரோல் இரண்டு கைகளாலும் அந்தக் கண்ணாடியைப் பொத்தினாள்.

மெட்ராஸ் ஐ இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஊரெல்லாம் வரும் கண்நோய்தானே என்று விட்டுவிடுவார்கள். விக்கி நாளையும் பக்கெட்டைக் கவிழ்ப்பான். மறுநாளும் கவிழ்ப்பான்.

அவனை நிழலுக்கு இழுத்து வேலுவிடம் விட்டுவிட்டு, கரோல் மாடி ஏறினாள். ஏறும்போது படிகள் அதிகமாக இருந்தன. பாஞ்சாலி இன்னும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அது மெட்ராஸ் ஐ இல்ல, அக்கா. அவன் சூரியனையே பாத்துட்டு இருக்கான். அணைஞ்சு போயிடும்னு நான்தான் சொன்னேன்."

டோரதி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பர்ஸை எடுத்துக்கொண்டு, பாஞ்சாலியையும் விக்கியையும் ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் சொன்னதை வந்து சொன்னாள். சூரியனையே பார்த்ததில் கண்ணுக்குள் புண்ணாகியிருக்கிறது. மருந்து கிடையாது. தானாக ஆற வேண்டும், பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் இனி ஒரு தடவைகூட சூரியனைப் பார்க்கக் கூடாது. எந்தக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டும் பார்க்கக் கூடாது.

கரோல் வேலுவிடம் போய் நின்றாள். "அண்ணா, சாரி."

வேலு பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் நூறு தபா சொன்னாலும் அவன் காதுல வாங்க மாட்டான், பாப்பா. நீ ஒரு தபா சொன்னா போதும்." அவ்வளவுதான் சொன்னார். மறுபடி துணியைப் பிரித்தார். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் அவள் விக்கியிடம் விழுங்கிய வரியைச் சொன்னாள். "சூரியன் அணைய இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு, விக்கி."

"அது நாளான்னிக்கா?"

"இல்லடா! உங்க நைனா ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு சட்டைதான் தேய்க்கிறாருன்னு வெச்சுக்கோ. ஐந்நூறு கோடி சட்டை தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் எரியும்."

"வருசத்துக்கு ஒரு சட்டைன்னா நானும் ரெடி, பாப்பா" என்றார் வேலு.

விக்கி சிரிக்கவில்லை. "அன்னிக்கே ஏன் சொல்லல?"

கரோல் தரையைப் பார்த்தாள். "நீ என்னைப் பாத்துச் சிரிச்ச. கோவம் வந்துச்சு. வேணும்னேதான் சொல்லல."

விக்கி ஓரடி பின்னால் நகர்ந்தான். "அப்ப இது மட்டும் நெசம்னு எனக்கு எப்டித் தெரியும்?"



அவன் காவலை விடவில்லை. கண்ணாடியைப் பிடுங்கிவிட்டார்கள், விரலிடுக்கு வழியாகப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் பார்த்தான். "கண்ணக் கட்டியாம்மா வெக்க முடியும்?" என்று பாஞ்சாலி அழுதாள்.

சனிக்கிழமை மதியம் கரோல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். படிக்கப் புத்தகம் எடுத்து வரவில்லை. வேலு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை வண்டிமேல் விரித்தார். அதன்மேல் வெளிச்சப் பொட்டுகள் விழுந்து ஆடின.

எல்லாம் வட்டம்.

கரோல் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். சில கோணல், சில கீற்று. பிறகு ஏன் கீழே எல்லாம் வட்டம்?

தேய்த்த சட்டைக்குள் வைக்கும் அட்டை ஒன்றை வேலுவிடம் வாங்கினாள். நடுவில் பேனா முனையால் சின்னதாக ஒரு முக்கோண ஓட்டை போட்டாள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே அட்டையைப் பிடித்தாள். விரிப்பின் வெயில் பட்ட ஓரத்தில் அட்டையின் நிழல் விழுந்தது. நிழலின் நடுவே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெளிச்சம். முக்கோணமாக இல்லை. வட்டம்.

வட்டம் ஓட்டையுடையது இல்லை. அது மேலே இருப்பதனுடையது.

"விக்கி! இங்க வா! மேல பாக்காத. இதப் பாரு. இதுதான் சூரியன்."

விக்கி வந்தான். குனிந்தான். "பொய்."

"நானா சொன்னா நம்ப வேணாம். நீயே வேற மாதிரி ஓட்டை போடு."

அவன் கீறலாக ஒன்று போட்டான். வட்டம். பல்லைக் கடித்துச் சதுரமாக ஒன்று போட்டான். வட்டம். அப்போது மேகம் ஒன்று மெல்ல வந்தது. விரிப்பில் அந்தச் சின்ன சூரியன் ஓரத்திலிருந்து மங்கி, முழுதாகக் காணாமல் போனது. விக்கி கரோலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். நான்கு மூச்சு நேரம். மறுபடி வட்டம் வந்து விரிப்பில் உட்கார்ந்தது.

"வந்துட்ச்சு!" என்று கத்தினான். பிறகு புங்க மரத்தடி முழுவதையும் பார்த்தான். வண்டி, மண், வேலுவின் முதுகு, எங்கும் வட்டங்கள். "அப்ப இதெல்லாமா?"

"எல்லாமே சூரியன்தான்."

"எத்தினி!" என்றான் விக்கி. அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து காவல் மரத்தடியில் நடந்தது. கரோலும் அவசரப்படாமல் மிச்சத்தைச் சொன்னாள். சூரியனுக்குள் கரியே இல்லை. நடுவில் எல்லாம் நெருக்கி நெருக்கி அழுந்துவதில்தான் வெளிச்சம் பிறக்கிறது. அங்கே பிறந்த வெளிச்சம் முட்டி மோதி வெளியே வரவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எது தெரியாதோ அதைத் தெரியாது என்றாள்.

மூன்று மாதத்தில் விக்கியின் இடது கண்ணில் பொட்டு மறைந்துவிட்டது. வலது கண்ணில் மட்டும் ஒரு கடுகளவு இன்னும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது ஓர் எழுத்து அதில் ஒளிந்துகொள்ளும். அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் படிப்பான். அவன் தலை சாயும்போதெல்லாம் கரோலுக்குள் ஏதோ ஒன்று கூடவே சாயும்.

இன்னொன்றும் பழையபடி ஆகவில்லை. கரோல் "மழை வருது" என்றால் விக்கி ஓடிப்போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வருவான். "கொய்யா இனிப்பா இருக்கு" என்றால் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவான். கரோல் காத்திருப்பாள்.

ஒரு நாள் அவன் வண்டிக்கடியில் குந்தி, தரையில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"பூமி நடுவுல இரும்பு இன்னும் சூடா கீதுன்னு சொன்னியேக்கா. சில்லுனு கீது."

"அது ரொம்ப ஆழத்துல, விக்கி."

"தோண்டினா பாக்கலாமா?"

"முடியாது. யாராலயும் இதுவரைக்கும் அங்க போக முடியல. பூமி அதிர்றப்போ, அந்த அதிர்வு உள்ள போய் வர்றத வெச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க."

விக்கி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். தலையைச் சாய்த்து அவளையே பார்த்தான்.

"சரி. இது ஒண்ண மட்டும் நீ சொல்றத நம்புறேன். நடு வரைக்கும் எவ்ளோ ஆழம்?"

கரோல் மாடிக்கு ஓடினாள். புத்தகத்தைப் பிரித்து, ஆழம் போட்டிருந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஆறாயிரத்து முந்நூத்து எழுபத்தொண்ணு கிலோமீட்டர்" என்றாள், கடைசி ஒன்றைக்கூட விடாமல்.