கண்ணாடி மூடிக்குள் மூச்சு

துடைத்தால் போக வேண்டிய ஆவி போகவில்லை. சின்னவன் அந்த மூடியை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொம்மை விமானத்தில் விமானி உட்காரும் இடத்தை மூடுகிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. உள்ளேதான் பனி படிந்ததுபோல ஒரு வெண்மை, வருவதும் கலைவதுமாக. மழை ஈரமாக இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

பக்கத்து அறையில் அண்ணன் இருமினான். நுரையீரல் கெட்டுப் படுத்ததிலிருந்து அவனுக்குக் கைகால் ஓய்ந்துவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை. அண்ணி வீட்டைவிட்டுப் போனதும் அந்த வாய்க்குப் பயந்துதான். தூக்கி உட்காரவைக்க, கழுவிவிட, திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் இப்போது சின்னவன்தான். பட்டறை வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு கிடந்து ஒரு கடைக்குப் பொம்மை விமானம் ஒட்டிக் கொடுக்கிறான்.

"டேய் சின்னவனே! ஏரோப்ளேன் இன்னும் கிளம்பலையா? எனக்கும் ஒரு சீட்டு போடு, போய்த் தொலையறேன்."

"பேசாம படுண்ணே. மூச்சு வாங்கும்."

"வாங்குனா வாங்கட்டும். உன் காசுலயா வாங்கறேன்?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, பழைய கதவை யாரோ ஆட்டிக்கொண்டே இருப்பதுபோல நீண்டது. சின்னவன் கையிலிருந்த மூடிக்குள் வெண்மை படபடவென்று வந்து வந்து கலைந்தது. இருமல் நின்றது. அதுவும் நின்றது.

அவன் அதைக் கீழே வைத்தான். பிறகு எடுத்தான். மூடி திறந்தபடி இருக்க வேண்டும், உள்ளே விமானி தெரிய வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரே துண்டாக வந்ததை மூன்றாக அறுத்தால்தான் நடுத்துண்டைத் தூக்கி நிறுத்த முடியும். வெறும் மூடியில் ரம்பத்தை வைத்தால் விரிசல் விட்டுவிடும். உட்பக்கம் முழுக்கக் களிமண்ணை அடைத்து, அந்தத் தாங்கலில்தான் அறுப்பது. எத்தனையோ முறை செய்த வேலை.

களிமண்ணைக் கிள்ளி உருட்டி உள்ளே வைத்து அழுத்தினான். ஈர மண்ணின் வாடையும் பசையின் வாடையும் கலந்து எழுந்தன.

"டே... ஜன்னல... எவன்டா சாத்துனது?"

ஜன்னல் திறந்துதான் கிடந்தது. சாரல்கூட உள்ளே வந்துகொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் இன்னும் ஒரு உருண்டையை வைத்து அழுத்தினான். கட்டில் கிரீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது, விரல்கள் தொண்டையைப் பிறாண்டின. முதுகைத் தடவினான், தலையை நிமிர்த்தினான், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் மூடிக்குள் அடைத்த மண் நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடி, பல்குச்சியால் மண்ணைத் தோண்டி எறிந்தான்.

பக்கத்து அறையில் ஒரு மூச்சு இழுபட்டது. மூடிக்குள் வெண்மை படர்ந்தது.

ஒரே ஒரு கிள்ளு மண்ணை மட்டும் வைத்தான். அங்கே மூச்சு நின்றது. எடுத்தான். மூச்சு வந்தது. இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் இன்னொரு முறை வைத்தான். இந்த முறை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தான்.

"டேய்." அண்ணனின் குரல் கம்மியிருந்தது. "என்ன பண்ற அங்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"அந்த வேல வேணாம். அத அப்படியே வச்சுரு. கேக்குதா?"

"வச்சுட்டேண்ணே."

உண்மையில் வைத்துவிட்டான். மூடியை அறுக்காமல் விட்டால் அண்ணன் பிழைத்துக் கிடப்பான். கடைக்காரரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீ வச்சுருவன்னு தெரியும்டா." அண்ணன் மறுபடி சிரித்தான். "பொண்ணு பாக்கப் போன எடத்துல, பேர் கேட்டதுக்கே வேர்த்து ஓடியாந்தவன் நீ. உன்னை நம்பித்தாண்டா நான் இன்னும் பத்து வருசம் படுத்துக் கிடக்கப்போறேன்."

சின்னவன் உட்கார்ந்தான்.

மண்ணை எடுத்தான். கிள்ளினான். உருட்டினான். மூலையில் வைத்தான். பல்குச்சியால் தள்ளினான். கட்டில் ஆடியது. அடுத்த மூலை. "சின்ன..." அழுத்தினான். நிறைந்தது. மேலே கட்டைவிரலால் வழித்தான்.

கட்டில் நின்றது.

ரம்பத்தை எடுத்தான். முன்னும் பின்னும். மெதுவாக. வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. மூன்று துண்டு. ஒரு விரிசல் இல்லை. இவ்வளவு சுத்தமாக அவன் அறுத்ததே இல்லை.

வீடு அமைதியாக இருந்தது.

"அண்ணே."

எழுந்தான்.

"தூங்கிட்டியாண்ணே?"

பக்கத்து அறை வாசற்படியில் நின்றான். உள்ளே பார்த்தான்.

அண்ணன் உட்கார்ந்திருந்தான். தூக்கிவிடாமல் உட்கார முடியாதவன், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். திறந்த வாய் நிறையச் சாம்பல் நிறக் களிமண். கடைவாய்வரை அடைத்து, உதட்டோடு உதடாக வழித்துவிட்டிருந்தது. அதில் ஒரு கட்டைவிரலின் ரேகை. முகத்தின் குறுக்கே மயிரிழைபோல இரண்டு கோடுகள். நெற்றியில் ஒன்று. மூக்குக்குக் கீழே ஒன்று. ரத்தம் இல்லை.

நடுத்துண்டில் கண்கள் திரும்பின. அவனைப் பார்த்தன.

பார்த்தபடியே அந்தத் துண்டு, உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல, மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.