பின்னுக்கு உதைக்கும் பீரங்கி

"சார், என் பீரங்கியைத் திருடிட்டாங்க!"

வாசலில் நின்று மஹ்ஜபீன் இப்படிச் சொன்னதும், ஆனந்தமேரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். கணவர் ஞானராஜ் கடற்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் சிக்கல்களை அவர் துப்பறிவார். அவரைவிட ஆனந்தமேரிக்குத்தான் அதில் அவசரம்.

பேகம்பூரில் வீட்டிலிருந்தபடியே கணினி விளையாட்டுகளுக்கு விண்வெளிப் போர்க்கப்பல் வரைபவள் மஹ்ஜபீன். ஒரு வருடம் உழைத்து அவள் வரைந்த சுழல் பீரங்கிக் கூண்டு, வேறொரு நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சு அசலாக வந்திருந்தது. அவளோடு வேலை செய்தவர்கள் இருவர்: கல்லூரித் தோழி ரீனா, வர்ணம் தீட்டும் கிளெமென்ட். இருவருக்கும் வெளித்தோற்றத்தை மட்டுமே அனுப்பியிருந்தாள். உள்ளமைப்பு அவள் கணினியை விட்டு வெளியே போனதில்லை.

"கிளெமென்ட்தான் சார். போன வாரம் சண்டை போட்டுட்டுப் போனாரு."

"அவனேதான்!" என்றார் ஆனந்தமேரி.

"செத்த பொறு, மேரி." மஹ்ஜபீன் காட்டிய உள்ளமைப்புப் படத்தை ஞானராஜ் பார்த்தார். "சுட்டா பீரங்கி பின்னால உதைக்கும். கடல்ல அதைக் கப்பலும் தண்ணியும் தாங்கும். வான்வெளியில?"

"கப்பலே பின்னால போயிரும் சார். அதான் எதிர்ப்பக்கம் ஒரு எஞ்சின் எரியுற மாதிரி வரைஞ்சேன்."

"நல்ல வேலைம்மா. நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

மறுநாள் காலை இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு, ஞானராஜ் விளம்பரத்தைக் காட்டினார்.

"திருடுன ஆளு ஏமாந்துட்டாரு. கூண்டு ரொம்பத் தாழ்வு. குழலை மேல தூக்கினா அதோட பின்முனை கீழ இறங்கும். அப்பச் சுட்டா, பின்னால உதைச்சுத் தரையையே உடைச்சிரும்."

"எனக்கு வர்ணம் அடிக்கத்தான் தெரியும்," என்றான் கிளெமென்ட் வெறுப்பாக.

ரீனா சிரித்தாள். "உடைக்காது சார். அதுக்குத்தான அடியில மூணடி பள்ளம் விட்டிருக்கு."

மஹ்ஜபீன் சட்டென்று ரீனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பள்ளம் வெளிப்படத்துலயும் இல்ல, விளம்பரத்துலயும் இல்ல," என்றார் ஞானராஜ் அமைதியாக. "இவ கணினியைத் திறந்தவங்களுக்குத்தான் தெரியும்."

ரீனாவின் முகம் வெளுத்தது. "அங்க வேலை தரேன்னாங்க, மஹ்ஜி..."

"எப்ப எடுத்த?" என்றாள் மஹ்ஜபீன்.

"உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்கள்ல... அன்னிக்கு."

மஹ்ஜபீனிடம் சாவி வாங்கி, அவள் வீட்டைத் திறந்து கஞ்சி காய்ச்சி எடுத்து வருகிறேன் என்று அன்று போனவள் ரீனாதான்.

"ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தியே. எங்கம்மா பசியோட கெடந்தாங்க. கேஸ் தீந்துபோச்சுன்னியேடி!"

ரீனா தலைகுனிந்தாள். மஹ்ஜபீன் கிளெமென்ட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

"புகார் எழுதித் தரவாம்மா?" என்றார் ஞானராஜ்.

"எழுதுங்க சார். ரீனா பேரை மட்டும் என் கையால நான் எழுதுறேன்."