இன்னொரு சிவப்பு வளையம்

கான்க்ரீட் பாளத்துக்கு அடியில் ஒரு கை மட்டும் தெரிந்தது.

டெஹ்ரான் மெட்ரோ சுரங்கம். செத்துக் கிடந்தவள் பரஸ்து. இளம் இன்ஜினியர். சுரங்கத்தைத் தாங்கும் கான்க்ரீட் வளையங்களில் எது எப்போது பிளக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணிப்பதுதான் அவள் வேலை.

இன்ஸ்பெக்டர் ஷாபூர் அந்தக் கைக்குப் பக்கத்தில் குந்தினார்.

அவளுடைய அம்மா போனில் கதறியிருந்தாள்.

"நேத்துதான் சொன்னா ஐயா... ரெண்டு வளையம் சிவப்பு காட்டுதாம். சீஃப் காதுலயே போட்டுக்கலையாம்..."

இரண்டு! விழுந்தது ஒன்று. இன்னொன்று எங்கே?

கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாமே பச்சை. யாரோ மாற்றியிருக்கிறார்கள்!

"விபத்து, ஜனாப்," என்றார் சீஃப் இன்ஜினியர் மொஹ்தஷம். கோட்டில் ஒரு தூசி இல்லை. "மேல பழைய கனாத்து போகுது. அந்தக் காலத்துத் தண்ணி வாய்க்கால். மண்ணை அரிச்சிருக்கும், யார் கண்டா? சாயங்காலம் ரயில் விட்டாகணும். ஊரே காத்துக்கிட்டு இருக்கு."

"தாராளமா விடுங்க. ஒரு தடவை உள்ள நடந்து பார்த்துடலாமா?"

"வாங்க."

மொஹ்தஷம் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். திரும்பியும் பார்க்கவில்லை. வளைவைத் தாண்டியதும் சட்டென்று நின்றார்.

"நீங்க முன்னால போங்க, ஜனாப்."

"ஐயோ, நீங்க பெரியவங்க!"

"விருந்தாளி நீங்கதானே. போங்க."

"நாங்கல்லாம் உங்க கால் தூசி. நீங்க போங்க."

"இல்ல இல்ல... நீங்கதான்!"

டெஹ்ரானில் எந்த வாசலிலும் நடக்கிற உபசாரம்தான்.

ஆனால்... இங்கே வாசலே இல்லையே!

ஷாபூர் சிரித்தபடி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"அப்போ சேர்ந்தே போவோம்."

ஓரடி இழுத்தார்.

"வேணாம்! விடுய்யா! தலையில விழும்யா!"

அலறல் சுரங்கம் முழுக்க ஓடியது.

"பச்சை வளையமாச்சே, ஜனாப்... எப்படி விழும்?"

மொஹ்தஷம் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு சுரங்கத்தை மூடச் சொன்னா... மூடினா என் பதவி போயிடும். வளையத்துக்குப் பின்னால சிமென்ட் கலவை ஏத்தி அடைச்சாச்சு, போய்ப் பார்த்துட்டு வான்னு சொன்னேன். நம்பிப் போனா. நான் அடிக்கல... தள்ளல..."

"எதுக்கு? எங்கே விழும்னு அவளே கணிச்சுக் குடுத்துட்டாளே!"

 ஷாபூருக்கு அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது.

ஆட்கள் வந்து அந்த வளையத்தில் துளை போட்டார்கள். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பின்னால் மண்ணே இல்லை!

அன்று சாயங்காலம் ரயில் ஓடவில்லை.

விலங்கு மாட்டும்போது மொஹ்தஷம் கெஞ்சினார்.

"எனக்குத் தூக்குதானா, ஜனாப்? சொல்லுங்க..."

"முன்கூட்டியே கணிச்சுச் சொல்றது உங்க டிபார்ட்மென்ட். எங்க டிபார்ட்மென்ட் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வரும்!"