"விடு" என்று சொல்லும்வரை

"என் தம்பிய நீங்கதான் கொன்னீங்க! ஒத்துக்கோங்க!"

"பிரேக்கெல்லாம் பார்த்துத்தான்டி அனுப்புனேன்!"

எதிர்வீட்டு மெக்கானிக்கும் அவர் மனைவியும் பட்டப்பகலில் ஷெட்டுக்குள் இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளும்? சல்லடை கேட்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. காதுதான் கொஞ்சம் நீளம்.

அவள் தம்பி மரத்தில் மோதிச் செத்த கார் நடுவில் நின்றது. பக்கவாட்டில் மட்டும்தான் நசுங்கல். பாட்டரியைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள்.

"பிரேக் பம்புல பழைய ரப்பரையே திரும்பப் போட்டீங்களா, இல்லையா?"

"புதுசு! இப்பவே சோதிச்சுக் காட்டுறேன். நீ உள்ள உக்காந்து பெடல அமுக்கு."

"அவன் செத்த சீட்டுலயா? சாமி சத்தியமா மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகச் சல்லடையைத் தேடினேன்.

சோதிக்குமுன் பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்; அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூடுவார். கீழே இருப்பவர் "விடு" என்று சொல்லாமல் மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி புகுந்துவிடும். இத்தனை வருஷமும் மிதித்தவன் தம்பிதான். கால் மரத்துப்போனாலும் மாமா சொல்லாமல் எடுக்கமாட்டான்.

மனிதர் வெறி பிடித்தாற்போல் காருக்கடியில் நுழைந்தார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"அமுக்கு மச்சான்."

பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

நான் மூலையிலிருந்த பாட்டரியைப் பார்த்தேன்.

திருகு வழியே எண்ணெய் பீய்ச்சியடித்தது. ஷெட்டெங்கும் குமட்டும் நெடி.

"மச்சான்...?" கீழே குரல் குழறியது. திருகை இறுக்கும் சத்தம். "பிடிச்சுக்கோ."

அவள் என் மணிக்கட்டைப் பற்றினாள். இருவரும் எட்டிப் பார்த்தோம். சீட்டில் யாருமில்லை. பெடல் பாதியில் நின்றது.

பிறகு இறங்கத் தொடங்கியது. மெதுவாக, விரற்கடை விரற்கடையாக.

அடிவரை போயிற்று.

"திருக மூடுன பிறகும் பெடல் இறங்குது, வெளிய ஒரு சொட்டு கசியல," என்றாள் அவள். "அப்ப உள்ள ரப்பர்தான் போயிருக்கு. சொல்லுங்க."

காருக்கடியிலிருந்து அழுகைதான் வந்தது.

"பழசுதான்... அவசரத்துல பழசையே போட்டுட்டேன். மன்னிச்சிடு மச்சான்."

காலியான சீட்டிலிருந்து, கிசுகிசுப்பாக:

"பிடிச்சிருக்கேன் மாமா."

செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார் மனிதர். ஓடிய ஓட்டத்தில் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அவள் வெளியூரில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டாள். அவர் எங்கோ சைக்கிள் கடையில் இருப்பதாகக் கேள்வி. தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண் போன மாதம் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்.

பூட்டிய ஷெட்டின் கதவிடுக்கில் அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் இன்னும் அணையவில்லை. ஒரே வார்த்தை, நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் காலை எடுத்தவன் அடுத்து எங்கே நடப்பான்? நேர் எதிரே இருப்பது எங்கள் வாசல்.

நாங்களும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகிறோம். இந்த வீட்டில் காற்றோட்டம் போதவில்லை; வேறொன்றுமில்லை.