சுவர் பூத்த வீடு

மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாட்சாயணி சுவரைப் பார்த்துவிட்டாள். பச்சைப் பாசியின் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகளவு பை. ஒற்றைச் செருப்போடு சுவரருகே போய்க் குனிந்தாள்.

"பாத்தியாம்மா, நம்ம சுவர் பூத்திருக்கு," என்றாள் நிலானி. "தெருவே வந்து போட்டோ எடுத்துட்டுப் போகுது. எங்க அத்தை திருஷ்டி சுத்திப் போட்டாங்க."

"பாசி பூக்காதுடி. அது வித்துப்பை."

நீர்ச்சுவர் தாட்சாயணியின் கண்டுபிடிப்பு. காற்றின் ஈரத்தை உறிஞ்சி அடித்தொட்டியில் இறக்கும் பாசி. ஜனங்கள் குடத்தோடு அலைந்த காலம் அதனால்தான் ஒழிந்தது. ஆனால் கட்டுமீறிப் பரவினால் மேகத்துக்குப் போகிற ஈரத்தையும் அது குடித்துவிடும். அதனால் கடலோர ஊர்களுக்குப் பெண் பாசி மட்டும், மலையோர ஊர்களுக்குக் குளிர் தாங்கும் ஆண் பாசி மட்டும் என்று பிரித்துக் கொடுத்தாள். கையால் பிய்த்து ஒட்டினால் வளரும், வித்து வராது. தப்பித் தவறி இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தாலும், ஆண் அணு நீந்திப்போக நனைந்த பரப்பு வேண்டும். தண்ணீர் தருகிற சுவருக்கு எவன் தண்ணீர் ஊற்றப்போகிறான் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஊற்றினார்கள். இரு வீட்டுப் பாசியிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, புதுக்குடித்தனச் சுவரில் சேர்த்து ஒட்டி, மஞ்சள் நீர் ஊற்றும் சடங்கு கல்யாணங்களில் எப்படியோ முளைத்துவிட்டது. நிலானிக்கு வாய்த்தவன் குன்னூர்க்காரன். சம்பந்தியம்மாள் செம்பை நீட்டியபோது கடலூர்க்காரியான தாட்சாயணி தயங்கினாள். மறுத்தால் அபசகுனம் என்பார்கள். ஒரு கை நீர்தானே, பாசி நொடியில் குடித்துவிடும் என்று கணக்குப் போட்டு ஊற்றினாள். கணக்கு சரிதான். பின்னால் நின்ற உறவுக்கூட்டத்தைத்தான் அதில் சேர்க்கவில்லை. அவள் பந்தி கவனிக்கப் போன பிறகு ஒருவர் விடாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

"ஒரு ஈரத்துணி குடு. மூடிச் சுரண்டணும்."

"மங்கலமா பூத்ததப் போய் யாராவது சுரண்டுவாங்களா?" நிலானியின் கண் கலங்கியது. "இந்தத் தெருவுல புதுசா கல்யாணமான வீடெல்லாம் பூத்திருக்கு. அங்கயும் போய்ச் சுரண்டுவியா?"

தாட்சாயணி ஒரு பையைத் தொட்டாள். மூடி கழன்றது. பச்சைத்தூள் கொஞ்சம் விரலில் ஒட்டியது. மிச்சம் காற்றோடு போயிற்று. இனி எந்தச் சுவரிலும் ஆணும் பெண்ணுமாக அது தானே முளைக்கும். செம்பு தூக்க யாரும் வேண்டாம், மழையே போதும். மழை இருக்கிறவரை. அவளுக்கு அழுகை வந்தது.

நிலானி சமாதானமாக அவள் தோளைத் தொட்டாள். "எல்லாரும் மாப்பிள்ளை வீட்டு ராசின்னாங்கம்மா. நான்தான் விடல. முதல்ல ஊத்தினது எங்கம்மா கைன்னு சொன்னேன்."